வீட்டுக்காரர் நம் போனை எடுத்துப் பார்க்கலாமா?

இந்த மாத சட்டப் பாடத்தில் அந்தரங்க உரிமை பற்றித் தெரிந்துகொள்வோம். நம் வீடு, உடம்பு, கடிதம், போன் இவற்றில் அடுத்தவர் தேவையில்லாமல் தலையிடக் கூடாது என்பதே அந்தரங்க உரிமை. ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியில் இந்தச் சொல்லே கிடையாது. நீதிபதிகள் சட்டத்தை வாசித்த விதத்தில்தான் இந்த உரிமை நமக்குக் கிடைத்தது.

குழு நோட்டில் ஓர் உதாரணம்

"கூட்டத்துக்கு வராதவருக்கு 10 ரூபாய் அபராதம்" என்று தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறோம். ஓர் உறுப்பினர் பிரசவத்துக்காக ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். "எழுதினது எழுதினதுதான், கட்டச் சொல்லுங்க" என்பார் ஒருவர். "அதை எதுக்குப் போட்டோம்? சும்மா வராம இருக்கக் கூடாதுன்னுதானக்கா?" என்பார் இன்னொருவர். நோட்டு ஒன்றுதான், வாசிப்பு இரண்டு. நீதிபதிகளும் இப்படித்தான். சிலர் எழுதிய சொல்லோடு நிற்பார்கள். சிலர் அதன் நோக்கத்தையும் பார்ப்பார்கள்.

1962-ம் ஆண்டுத் தீர்ப்பு

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர், கொள்ளை வழக்கில் ஆதாரம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் போலீசார் அவரைக் கண்காணிப்பில் வைத்து, ராத்திரியில் வீட்டுக்கு வந்து எழுப்பினார்கள். இப்படி வருவது தவறு என்று உச்ச நீதிமன்றத்தின் 6 நீதிபதிகளும் சொன்னார்கள். ஆனால் "அந்தரங்கம் என்ற உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை" என்றார்கள் அவர்களில் 4 பேர். நீதிபதி சுப்பா ராவும் நீதிபதி ஷாவும் மட்டும், 21-வது பிரிவில் உள்ள தனிமனித சுதந்திரம் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தரங்கமும் அடங்கும் என்றார்கள்.

சிறுபான்மையாக இருந்த அந்தக் கருத்து 55 வருடம் கழித்து வென்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

கணவன் மனைவிக்குள்?

மனைவியின் போன் அழைப்பு விவரங்களை எடுத்து, விவாகரத்து வழக்கில் கொடுத்தார் ஒரு கணவர். பரமக்குடியில் நடந்த இந்த வழக்கு, நம் திருநெல்வேலிக்கும் உயர் நீதிமன்றமாக உள்ள மதுரைக் கிளைக்கு வந்தது. 2024 அக்டோபரில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவிக்கும் அந்தரங்கம் உண்டு, வேவு பார்த்து எடுத்த ஆதாரத்தை ஏற்க முடியாது என்றார்.

2025 ஜூலை 14 அன்று, பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. அதில் கணவர் மனைவியின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். பழைய சாட்சியச் சட்டத்தின் 122-வது பிரிவு, கணவன் மனைவிக்குள் நடக்கும் வழக்குக்கு விலக்கு தந்தது. அந்தப் பிரிவு திருமண உறவைக் காக்க வந்தது, அந்தரங்கத்துக்காக வந்ததல்ல என்று நீதிமன்றம் வாசித்தது. எனவே அந்தப் பதிவை ஆதாரமாக ஏற்கலாம் என்றது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்.

நாம் கவனிக்க வேண்டியவை

• அந்தரங்கம் இன்றும் நம் அடிப்படை உரிமைதான். ஆனால் "ரகசியமாப் பதிவு பண்ணினா கோர்ட்டுல செல்லாது" என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

• பதிவு உண்மையானதா, குரல் யாருடையது என்பதை நீதிமன்றம் சோதிக்கும்.

• நாலு சுவருக்குள் கொடுமை அனுபவித்து, சாட்சி இல்லாமல் நிற்கும் பெண்ணுக்கும் இதே தீர்ப்பு உதவலாம்.

• போனுக்காக அடிப்பதும் மிரட்டுவதும் குடும்ப வன்முறையே. 2005-ம் ஆண்டுச் சட்டப்படி புகார் செய்யலாம். உதவிக்கு 181.

• பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-க்குப் பேசலாம்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழு விதிகளில் சொல்லை மட்டும் பார்த்து யாருக்காவது அநியாயம் செய்திருக்கிறோமா?

2. ஓர் உறுப்பினரின் கடன் விவரத்தை வெளியாரிடம் சொல்வது சரியா?

3. வீட்டில் நம் பெண் பிள்ளைகளின் போனை நாம் எடுத்துப் பார்ப்பது எந்த அளவுக்குச் சரி?

பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எதற்காக அந்த முடிவு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். நாளைக்கு அதைப் படிப்பவர் சரியாகப் புரிந்துகொள்ள அது உதவும்.