மாதத் தவணையா, மொத்தத் தொகையா?
கூட்டு வட்டிப் பாடத்தில் ஒரு வீட்டுக் கணக்கு

எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணிதம்' இயலில் கூட்டு வட்டிச் சூத்திரத்தை மாணவர்கள் விரைவில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆண்டுகள் கூடினால் வட்டி என்ன ஆகும் என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகள் இதே பாடத்தை நடத்திய நானே என் வீட்டுக் கடனில் அதைக் கவனிக்கவில்லை.

மகள் பொறியியல் சேர்ந்தபோது செங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டின் மீது இன்னும் 8 ஆண்டுக் கடன் பாக்கி இருந்தது. "பழைய கடனோடு கூடுதல் கடனும் சேர்த்துப் புதிதாகப் போட்டுத் தருகிறோம், தவணையும் குறையும்" என்றார்கள். மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டேன். அப்போது எனக்கு வயது 44. புதிய கடனோ 20 ஆண்டு. பணி ஓய்வு 60 வயதில். மீதி 4 ஆண்டு ஓய்வூதியத்தில் கட்ட வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

அந்த அனுபவத்தைப் பாடமாக்கினேன். இரண்டு பாடவேளை போதும்.

செயல்பாடு 1: காலத்தின் வேலை

ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 9% கூட்டு வட்டி. 8 ஆண்டில் எவ்வளவு, 20 ஆண்டில் எவ்வளவு? கணக்கிடும் முன் ஊகிக்கச் சொன்னேன். பலரும் முதலாவதை விட இரண்டாவது இரண்டரை மடங்கு இருக்கும் என்றார்கள். விடை: 8 ஆண்டில் சுமார் 1,99,000. 20 ஆண்டில் சுமார் 5,60,000. அதாவது, வட்டி மட்டும் 99,000 என்பது 4,60,000 ஆகிறது. காலம் இரண்டரை மடங்கு. வட்டியோ நாலரை மடங்குக்கும் மேல்.

ஒரு மாணவன், "டீச்சர், எங்க தெருவுல மூணு வட்டிக்குத் தர்றாங்க. ஒம்பதைவிட அது கம்மிதானே?" என்றான். மூன்று வட்டி என்பது மாதத்துக்கு நூற்றுக்கு 3, ஆண்டுக்கு 36% என்று கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு அமைதியானது. இந்த ஒரு வரிக்காகவே பாடத்தை நடத்தலாம்.

செயல்பாடு 2: மூன்று தவணைகள்

தவணைச் சூத்திரம் எட்டாம் வகுப்புக்கு உரியதல்ல. எனவே தவணைத் தொகையை நான் தந்தேன், பெருக்கல் அவர்களுடையது. பாக்கிக் கடன் 10 லட்சம், கல்விக்குத் தேவை 5 லட்சம், வட்டி 9% என்று முழு எண்களாக வைத்துக்கொண்டோம்.

அ) பழைய கடன் மட்டும், 8 ஆண்டு: 14,650 × 96 = 14,06,400
ஆ) இரண்டும் சேர்த்து 15 லட்சம், 20 ஆண்டு: 13,496 × 240 = 32,39,040
இ) அதே 15 லட்சம், 8 ஆண்டு: 21,975 × 96 = 21,09,600

ஆ-வில் தவணை 1,154 ரூபாய் குறைகிறது. ஆனால் 5 லட்சம் கூடுதலாக வாங்கியதற்கு 18,32,640 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். இ-யில் கூடுதல் 7,03,200 மட்டுமே. கடனும் வட்டி விகிதமும் ஒன்றே, காலம்தான் வேறு. ஏற்கெனவே பாதிக்கு மேல் கட்டி முடித்த பழைய கடனையும் சேர்த்து இழுத்ததே காரணம் என்பதைக் குழுக்களே கண்டுபிடித்தன.

வீட்டுக் கடனை மாற்றியமைப்பதே தவறு என்று முடித்துவிடக் கூடாது. வட்டி குறைந்து, காலம் நீளாமல் இருந்தால் அது நல்லதுதான்.

பெற்றோர் கேட்கும்போது

சென்ற ஆண்டு பிளஸ் டூ முடிவு வந்த வாரம், புனலூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் மஞ்சள் பையில் வீட்டுப் பத்திரத்தோடு வந்தார். அவர் மகள் எங்கள் பழைய மாணவி. "நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் இருக்காம் டீச்சர். வீட்டை அடமானம் வச்சிரலாமா?" என்றார்.

"அண்ணாச்சி, பத்திரத்தை முதலில் உள்ளே வையுங்க" என்று சொல்லி, மற்ற வழிகளை வரிசையாகப் பார்த்தோம். நம்மிடம் வரும் பெற்றோருக்கும் இதே வரிசையில் சொல்லலாம்.

1. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்குத் தொழிற்கல்வியில் 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. கலந்தாய்வு வழியே அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது இல்லை.

2. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் கலந்தாய்வில் சேர்வோருக்கே. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

3. அதன் பிறகும் பணம் தேவையென்றால் கல்விக் கடன். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

4. வீட்டுப் பத்திரம் கடைசி வழி. கல்விக் கடன் நின்றால், அடமானம் இல்லாததால், நீதிமன்றம் போகாமல் வங்கி வீட்டைக் கையகப்படுத்த முடியாது. அடமானக் கடன் நின்றால், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்புக்குப் பின் நீதிமன்ற வழக்கு இல்லாமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம்.

அந்த மாணவி கலந்தாய்வுக்குப் பதிவு செய்தாள். இப்போது உள் ஒதுக்கீட்டில் படிக்கிறாள். பத்திரம் அவர்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது.

என் கடன்? மாறும் வட்டியிலான வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என 2012இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. எனவே அகவிலைப்படி நிலுவை வரும்போதெல்லாம் அசலில் கட்டி, 60க்குள் முடிக்கப் பார்க்கிறேன். வகுப்பில் இதையும் மறைக்காமல் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி, தன் வீட்டு நகைக்கடன் ரசீதைக் கொண்டுவந்து, "இதுக்கு மொத்தம் எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டாள். கற்றல் விளைவு அடையப்பட்டது என்று பாடக்குறிப்பேட்டில் அன்றுதான் எழுதினேன்.