கண்காணிப்பு வலையமைப்பில் எச்சரிக்கை எல்லைகளை அமைக்கும் முறை

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை வந்தடைந்ததும், இடுக்கி மாவட்டத்திலும் பாலக்காட்டு மாவட்டத்தின் மலைப் பகுதிகளிலும் மூன்று வினாக்கள் நாள்தோறும் எழுகின்றன. மழை எவ்வளவு பெய்தது? அணையில் நீர் எவ்வளவு ஏறிற்று? மலைச்சரிவின் மண் எவ்வளவு நீரை உட்கொண்டது? இவற்றுக்கு விடையளிக்கத் தானியங்கிக் கருவிகள் இப்போது பயன்படுகின்றன. அவை தம் அளவீடுகளைக் கம்பியில்லா முறையில் மைய நிலையத்துக்கு அனுப்புகின்றன. அங்குள்ள கணினியின் கண்காணிப்பு மென்பொருள், குறித்த எல்லையை ஓர் அளவீடு மீறியவுடன் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை விடுக்கிறது.

எந்த அளவை எல்லையாகக் குறிப்பது என்பதை மென்பொருள் தானே அறியாது. அதனை மனிதரே தீர்மானித்தல் வேண்டும். இத்தீர்மானத்தை எவ்வாறு செய்வது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறியுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூணாற்றில் ஒரு முன்மாதிரி

மூணாற்றிலுள்ள அந்தோணியார் காலனியில் 2005ஆம் ஆண்டில் நிலச்சரிவு ஏற்பட்டு உயிர்ச்சேதம் நேர்ந்தது. பின்னர் அமிர்த விசுவ வித்யாபீடத்தின் விஞ்ஞானிகள் அவ்விடத்தில் கம்பியில்லா உணர்கருவி வலையமைப்பு ஒன்றை நிறுவினர். மழைமானி, மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி, மண்துகள்களுக்கிடையே தேங்கிய நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி, நிலத்தின் சாய்வையும் அதிர்வையும் உணரும் கருவிகள் ஆகியன அதில் இடம்பெற்றன. அளவீடுகள் செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரியிலுள்ள மையத்துக்குச் சென்றன. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருமழையின்போது இவ்வமைப்பைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இவ்வமைப்பின் எச்சரிக்கை மூன்று படிகளைக் கொண்டது. மழை மிகுந்தால் முதற்படி. மண்ணின் ஈரமும் நீரழுத்தமும் மிகுந்தால் இரண்டாம் படி. நிலமே அசையத் தொடங்கினால் மூன்றாம் படி. மற்றொரு சிறப்பும் இதற்கு உண்டு. மின்கலத்தில் எஞ்சியுள்ள மின்சாரம், சூரிய ஒளியால் அது மீண்டும் நிரம்பும் வேகம், பழுதுற்ற கருவிகள் ஆகியவற்றையும் மையத்திலிருந்தே அறிய வழி செய்யப்பட்டது. அதாவது, இவ்வமைப்பு மலையைக் கண்காணித்ததோடு தன்னையும் கண்காணித்துக்கொண்டது. இவ்விரண்டாவது பணியே பலரால் மறக்கப்படுவது. ஆதலின் இதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

எல்லை என்பது கால அவகாசமே

இடுக்கி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 2403 அடி. 2018ஆம் ஆண்டில் 2390 அடியில் நீல எச்சரிக்கையும், 2395 அடியில் ஆரஞ்சு எச்சரிக்கையும், 2399 அடியில் சிவப்பு எச்சரிக்கையும் என வகுக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், நீர்மட்டம் 2399 அடியை நெருங்கிய நிலையில், செறுதோணி அணையின் மதகு 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது.

இவ்வெல்லைகளுக்கு இடைப்பட்ட அடிகளைக் காலமாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். நீர் நாளொன்றுக்கு ஓர் அடி ஏறுமாயின், 2390க்கும் 2395க்கும் இடையே ஐந்து நாள் அவகாசம் உண்டு. நாளொன்றுக்கு இரண்டரை அடி ஏறுமாயின் இரண்டே நாள். ஆற்றங்கரை மக்களை வெளியேற்ற ஒரு நாள் தேவையென்றால், அந்த ஒரு நாளை உறுதியாக அளிக்கும் மட்டமே சரியான எல்லையாகும். பருவத்துக்குப் பருவம் நீர்வரத்து மாறுவதால் எல்லையும் மாறுதல் இயல்பு. 2018க்குப் பின்னர், மாதத்தின் பகுதிக்கேற்ப மாறும் நீர்மட்ட வரம்புகள் இவ்வணைக்குப் பின்பற்றப்படுகின்றன.

மட்டம் உயர்வது மட்டுமே அபாயமன்று. பாலக்காட்டு மாவட்டத்துப் பறம்பிக்குளம் அணையில் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் பின்னிரவில், மூன்று மதகுகளுள் நடுவிலிருந்தது உடைந்து விழுந்தது. நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பெருக்கெடுத்தது. இத்தகைய நேர்வில் அணையின் நீர்மட்டம் உயர்வதில்லை, தாழ்கிறது. உயர்வுக்கு மட்டும் எல்லை குறித்த மென்பொருள் அப்போது வாளாவிருக்கும். ஆகையால் ஒவ்வோர் அளவீட்டுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை, மாறும் வேகத்தின் எல்லை ஆகிய மூன்றையும் குறித்தல் அவசியம்.

இயல்பு நிலையை முதலில் அறிக

எல்லையை ஊகத்தால் குறிக்கலாகாது. சில வாரங்களேனும் அளவீடுகளைப் பதிவுசெய்து, இயல்பு நிலை எதுவெனத் தெளிதல் வேண்டும். மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் காரீய அமில மின்கலம் முழுமையாக நிரம்பி ஓய்விலிருக்கும்போது சுமார் 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்த நிலையில் சுமார் 12.2 வோல்ட் காட்டும். பிப்ரவரி மாதத்தில் நாள்தோறும் நல்ல வெயில் கிடைப்பதால் இரவில் இழந்த மின்சாரம் பகலில் நிரம்பிவிடுகிறது. ஜூலை மாதத்திலோ பல நாள் தொடர்ந்து மேகம் மூடிக்கிடக்கிறது. கருவி மிகவும் தேவைப்படும் காலத்திலேதான் அதற்கு மின்சாரம் குறைவாகக் கிடைக்கிறது. எனவே, பிப்ரவரி மாத அனுபவத்தைக் கொண்டு குறித்த எல்லை ஜூலைக்குப் பொருந்தாது. மின்கலத்தை மாற்ற மலையேறிச் செல்ல இரண்டு நாள் ஆகுமெனில், இரண்டு நாளுக்குரிய மின்சாரம் எஞ்சியிருக்கும்போதே எச்சரிக்கை எழ வேண்டும்.

பொய் எச்சரிக்கையைத் தவிர்த்தல்

"புலி வருகிறது" என்று வீணே கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். ஓர் இரவில் பயனற்ற எச்சரிக்கைகள் இருபது பெற்ற அலுவலர், இருபத்தொன்றாவதைப் படிக்கமாட்டார். அந்த ஒன்று உண்மையானதாக இருக்கலாம். இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஒரே ஓர் அளவீட்டை நம்பாதிருத்தல். தொடர்ந்து மூன்று அளவீடுகள் எல்லையைக் கடந்த பின்னரே எச்சரிக்கை எழுமாறு அமைக்கலாம். ஆயினும் நில அசைவு போன்ற விரைந்த நிகழ்ச்சிக்கு இத்தாமதம் தகாது; அங்கு அருகிலுள்ள வேறொரு கருவியின் அளவீட்டோடு உடனே ஒப்பிடுதலே நன்று.

இரண்டாவது, எழும் எல்லையையும் நீங்கும் எல்லையையும் வேறுபடுத்துதல். மின்னழுத்தம் 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது எழும் எச்சரிக்கை, 12.5 வோல்ட்டை எட்டிய பின்னரே நீங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எல்லை இருப்பின், அளவு அதனைச் சுற்றி ஏறியிறங்கும்போதெல்லாம் எச்சரிக்கை எழுந்தும் நீங்கியும் அலைக்கழிக்கும்.

மூன்றாவது, சார்பு நிலையைக் குறித்தல். குன்றின் மேலுள்ள இடைநிலையம் ஒன்றின் வழியாகப் பத்துக் கருவிகள் செய்தி அனுப்புவதாகக் கொள்வோம். அந்நிலையம் பழுதுற்றால் பத்தும் ஒருங்கே அடங்கிவிடும். பதினோரு எச்சரிக்கைகளுக்குப் பதிலாக, "இடைநிலையம் பழுது" என்னும் ஒன்றே வருமாறு செய்தல் வேண்டும்.

மௌனம் நலத்தின் அறிகுறி அன்று

இப்பாடத்தின் தலையாய கருத்து இதுவே. செயலிழந்த கருவி தான் செயலிழந்ததை அறிவிக்க இயலாது. ஆகவே காலக்கணக்கு மைய நிலையத்தில் இருத்தல் வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்ப வேண்டிய கருவி தொடர்ந்து மூன்று முறை அனுப்பத் தவறினால், அம்மௌனத்தையே மையம் எச்சரிக்கையாக அறிவிக்க வேண்டும்.

மௌனத்தைவிட வஞ்சகமானது பொய்யான பூஜ்யம். மழைமானியின் புனலை ஓர் இலை அடைத்துக்கொண்டால், கொட்டும் மழையிலும் அது "0 மில்லிமீட்டர்" என்றே ஒழுங்காகச் செய்தி அனுப்பும். பக்கத்து மழைமானி 40 மில்லிமீட்டர் காட்டும்போது இது பூஜ்யம் காட்டினால், அம்முரண்பாட்டையும் எச்சரிக்கையாகக் கொள்ளுமாறு அமைத்தல் தகும்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு நிகழ்ந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயன் வீடுகள் புதையுண்டன. 70 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். பெருமழையால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால், மறுநாட் காலையில்தான் வெளியுலகம் செய்தியை அறிந்தது. அவ்விரவு முழுவதும் அம்மலையிலிருந்து எச்செய்தியும் வரவில்லை. பெருமழை இரவில் ஒரு மலைப் பகுதி முழுவதும் மௌனமாகிவிடின், "அங்கே யாது நேர்ந்தது?" என்று அப்பொழுதே வினவ ஓர் ஏற்பாடு இருத்தல் வேண்டும் என்பதை இத்துயரம் நமக்கு உணர்த்துகிறது.

எச்சரிக்கை யாரைச் சென்றடைய வேண்டும்?

ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஒரு பொறுப்பாளரும், அவர் செய்ய வேண்டிய ஒரு செயலும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். செயல் எதுவும் இல்லையெனில் அது எச்சரிக்கையன்று, வெறும் தகவல். அதனை நாட்குறிப்பில் பதிந்தால் போதும். பொறுப்பாளர் 10 நிமிடத்துக்குள் "பெற்றேன்" என்று பதிலளிக்காவிடில், செய்தி அடுத்தவருக்குச் செல்ல வேண்டும். செய்தி செல்லும் வழியும் ஒன்றாக மட்டும் இருத்தலாகாது. கைப்பேசிக் கோபுரம் மின்சாரமின்றி அடங்கும் இரவில் குறுஞ்செய்தி பயன்படாது. கம்பியில்லாக் கருவியோ, ஒலிப்பானோ, ஓடிச் சென்று கூறும் ஆளோ தேவை. பருவமழைக்கு முன், மே மாதத்தில், ஒரு கருவியின் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, எச்சரிக்கை உரியவரை உரிய நேரத்தில் அடைகிறதா எனச் சோதித்தல் நலம்.

பள்ளியில் செய்து பார்க்க

ஆசிரியர்கள் இதனை எளிய மழைமானியைக் கொண்டு மாணவர்க்கு விளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை அளக்கச் செய்க. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகுப்பின்படி, 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. இம்மூன்று எல்லைகளையும் பாத்திரத்தில் கோடிட்டு, ஒவ்வொரு கோட்டை நீர் எட்டும்போதும் யாருக்கு என்ன கூற வேண்டும் என்பதை மாணவர்களையே எழுதச் சொல்க. அளக்க வேண்டிய மாணவன் வராத நாளில் ஏட்டில் "மழையில்லை" என்று எழுதாமல் "அளக்கவில்லை" என்று எழுதப் பழக்குக. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை உணர்ந்த மாணவன், கண்காணிப்பின் முதற்பாடத்தைக் கற்றவனாவான்.