வில்லுக்கத்தி வாங்கும்போது எதைப் பார்க்க வேணும்?



ஆனி மாதம் பிறந்தால் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு வான் பிடித்துப் போகிற குடும்பங்கள் நமது தோட்டங்களில் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று போய், குறிகட்டுவான் துறையில் படகு ஏற வேணும். சிலர் அங்கிருந்தே நெடுந்தீவுக்கும் போய், குதிரைகளையும் முருகைக்கல் மதில்களையும் பார்த்து வருகிறார்கள். வழியில் சாப்பிடப் பாண், வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, பழம் எல்லாம் கட்டிக்கொள்வோம். வெட்டுவதற்குக் கத்தி? குசினிக் கத்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பைக்குள் போடுகிறோம். பிள்ளை பையில் கை விட்டால் அவ்வளவுதான். கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிப் போவதையோ நாங்கள் ஒப்பவே மாட்டோம். அது மண்ணும் மருந்தும் பட்ட சாமான். வாயில் வைப்பதை அதால் வெட்டக் கூடாது.

பயணத்துக்கு ஏற்றது மடக்குக் கத்தி. யாழ்ப்பாணத்தார் இதை வில்லுக்கத்தி என்பார்கள். பிடிக்குள் இருக்கும் வில்தான் அலகை இறுக்கிப் பிடிக்கிறது என்பதால் அந்தப் பெயர். கடையில் பலவிதமாய்த் தொங்கும். பெரியதாய், கறுப்பாய், பல் வைத்ததாய், பார்க்கப் பயமாய் இருப்பதைத்தான் பொடியன்மார் முதலில் கேட்பார்கள். சாப்பாடு வெட்ட அது உதவாது. ஏன் என்று சொல்கிறோம்.

வெட்டுவது விளிம்பு மட்டும்தான் என்று நினைக்கிறோம். விளிம்பு உள்ளே போன பிறகு, அதன் பின்னால் வருகிற இரும்பும் அதே வெட்டுக்குள் நுழைய வேணும். அந்த இரும்பு தடிப்பாய் இருந்தால் ஆப்பு வைத்த மாதிரி. வெங்காயம் வெட்டுப்படாமல் பிளக்கும், தக்காளி நசுங்கும். கறுத்தக் கொழும்பான் மாம்பழம் என்றால் சாறெல்லாம் கையில்தான் ஒழுகும். ஆகவே கத்தியை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே முனைப் பக்கமாய்ப் பாருங்கள். முதுகு 2 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். முதுகில் இருந்து விளிம்பு வரை ஒரே சீராய் மெலிந்து வர வேணும். பாதி அலகு வரை தடிப்பாய் வந்து, கடைசியில் மட்டும் சட்டென்று சரித்துத் தீட்டியிருந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

நீளம் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். பிரான்ஸ் நாட்டின் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் குடியானவர்களுக்காகச் செய்த மரப்பிடிக் கத்தி இன்றைக்கும் விற்பனையாகிறது. அதில் நன்றாக ஓடுகிற 8ஆம் இலக்கத்தின் அலகு எட்டரை சென்ரிமீற்றர்தான். மெல்லிய அலகு, மரப்பிடி, வேறொரு சோடனையும் இல்லை. அவர்களும் நம்மைப் போல் பாணும் பழமும் வெட்டத்தான் அதை வைத்திருந்தார்கள். நமது கடைகளில் அது கிடைக்காவிட்டாலும் அந்த அமைப்பை மனதில் வைத்துத் தேடலாம்.

அடுத்தது இரும்பு. தீவுப் பக்கம் உப்புக் காற்று. பல கிணறுகளில் தண்ணீரும் உவர். சாதாரண உருக்குக் கத்தி அங்கே ஓர் இரவிலேயே துருப் பிடிக்கும். மாங்காய், தேசிக்காய் பட்டால் கறுக்கும். அந்தக் கறுப்பால் கேடில்லை, ஆனால் துரு கூடாது. குரோமியம் கலந்த துருப்பிடிக்காத உருக்கு பயணத்துக்கு நல்லது. அதையும் கடல் தண்ணீரில் கழுவி அப்படியே மடித்து வைத்தால் பிணையில் துரு ஏறும். துருப்பிடிக்காத இரும்பு என்றால் துரு மெதுவாய்ப் பிடிக்கிற இரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கை பத்திரம். கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் சோறு. அதில் ஒரு வெட்டு விழுந்தால் ஒரு கிழமைக்கு நிறை வராது, நிறை வராவிட்டால் சம்பளத்தில் அடிக்கும். வில் மட்டும் உள்ள கத்தியில், கீழ்நோக்கி அழுத்தி வெட்டும்போது அலகு மடங்காது. அந்த அழுத்தமே அலகை விரித்து வைத்திருக்கும். முனையால் குத்தினாலோ, அலகு இறுகிக் கிடக்கும்போது முறுக்கி இழுத்தாலோ, முதுகுப் பக்கம் பாரம் விழுந்தாலோதான் சடாரென்று விரல் மேல் மடங்கும். பூட்டு உள்ள கத்தி அதனால் நல்லது. ஒப்பினெல் கத்திக்கே 1955இல்தான் சுற்றுகிற வளையப் பூட்டு வந்தது. கடையிலேயே விரித்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

இந்தக் கத்தியால் செய்யக் கூடாதவையும் உண்டு. நுங்கு சீவுவது, பூசணிக்காய் பிளப்பது, பெரிய மீனின் முள் நறுக்குவது இதன் வேலை அல்ல. புழுக்கொடியலை இதால் நெம்பவே கூடாது. கையால் முறித்துச் சாப்பிடுங்கள். நயினாதீவில் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் காய்கறி வெட்டும் தொண்டுக்குப் போகிறவர்கள் அங்குள்ள பெரிய கத்தியையோ அரிவாள்மனையையோ எடுங்கள். மடக்குக் கத்தியின் பிடி அலகின் நேரே இருப்பதால், பலகையில் வெட்டும்போது விரல் மூட்டு பலகையில் இடிக்கும். கொஞ்சமாய் வெட்டுவதற்குப் பலகையின் ஓரத்தில் வைத்து, பிடி வெளியே தொங்கும்படி வெட்டினால் சரியாகும்.

பிடிக்குள் அலகு போய் ஒளிகிற பள்ளம்தான் அழுக்குத் தங்கும் இடம். ஊர்காவற்றுறையில் மீன் வாங்கி அதே கத்தியால் சுத்தம் செய்து, துடைத்து மடித்து, பிறகு பிள்ளைக்கு மாம்பழம் வெட்டினால் வயிற்றோட்டம் வீட்டுக்கே வரும். பழமும் பாணும் முதலில், மீன் கடைசியில். அதன் பின் சவர்க்காரம் போட்டு, பள்ளத்தைப் பழைய பல் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, விரித்தபடியே காயவிட வேணும். பிணைக்கு ஒரு துளி தேங்காயெண்ணெய் போதும். அதிகம் விட்டால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும்.

தீட்டுவதற்குத் தண்ணீர் போட்ட தீட்டுக்கல்லே போதும். மின்சாரச் சாணையில் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் உரம் போய்விடும், பிறகு கூர் நிற்காது.

கோயிலுக்குள் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். பெரியவர் ஒருவர் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பொறுப்பாய்ப் பார்த்துக்கொள்ளட்டும். பொலிசார் சோதித்தாலும் பாணோடும் பழத்தோடும் இருக்கிற சிறிய கத்திக்கு விளக்கம் சொல்வது லேசு.

வெட்டிக்கொண்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தேயிலைத் தூள், கோப்பித் தூள், மண்ணெண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாமல் போனாலோ நரம்பு அறுந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். நெடுந்தீவில் என்றால் இதில் சுணங்கவே கூடாது, பொழுது சாய்ந்தால் வழமையான படகு இல்லை. ஏற்பு ஊசி கடைசியாய் எப்போது போட்டது என்று டொக்டர் கேட்பார். அந்தத் திகதியை ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருங்கள்.