காற்றைப் பார்த்துப் பசை போடுங்கள்

பெங்களூரு ஜோகுபாளையத்தில் மொட்டை மாடியை ஒட்டிய ஒரு சின்ன அறைதான் என் பட்டறை. அகூஸ்டிக் கிட்டாரின் உடலைச் செய்ய அந்த இடம் தாராளம். ஆனால் சுவரில் ஒரு ஹைக்ரோமீட்டர் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். இங்கே மார்ச் மாத மதியங்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் 80-ஐத் தாண்டும். மரம் இரண்டுக்கும் ஏற்ப உப்பும், சுருங்கும்.

மரம்

காசை முன்பலகையில் போடுங்கள். ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-ல் பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழில் செய்து, நல்ல முன்பலகையை மட்டும் பொருத்தி ஒரு கிட்டார் செய்தார். ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டத்தான் அந்த வேலை. முன்பலகைக்கு ஸ்ப்ரூஸ்; ரேகைகள் நெருக்கமாக, பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும்.

பக்கத்துக்கும் முதுகுக்கும் நம் ஊர் ஈட்டியே போதும். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் பிரேசில் ஈட்டியை விட்டு இதற்குத்தான் மாறியது. கர்நாடகத்தில் ஈட்டி வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள மரம். பில் இல்லாமல் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

வளைப்பு

பக்கப் பலகையை 2 மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்துவிடுங்கள். இரும்புக் குழாயைச் சூடாக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொய்யென்று அங்கேயே வற்றினால் சூடு போதாது. உருண்டு துள்ளி ஓடினால் ஆரம்பிக்கலாம். முதலில் இடுப்பு வளைவு, பிறகு மற்றவை. கையால் அழுத்தி மல்லுக்கட்டாதீர்கள். சூடு உள்ளே இறங்கியதும் மரம் சட்டென்று இளகிக் கொடுக்கும். அது கையில் தெரியும். வளைத்ததை உடனே அச்சில் வைத்து இறுக்கி, ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

பிரேஸ்

ஹைக்ரோமீட்டருக்கு வேலையே இங்கேதான். 40 சென்டிமீட்டர் அகல ஸ்ப்ரூஸ் பலகை, ஈரப்பதம் 65-லிருந்து 35-க்கு இறங்கி நிலைத்தால், அகலத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கும். அதன் உள்பக்கம் குறுக்கே ஒட்டிய பிரேஸ் கட்டை நீளவாக்கில் சுருங்காது. மழைக்காலத்தில் ஒட்டியிருந்தால், வெயில் வந்ததும் பலகை இழுபட்டு உள்ளே குழியும், கடைசியில் ரேகையோடு பிளக்கும். வறண்ட காற்றில் ஒட்டினால், மழையில் பலகை கொஞ்சம் மேலே உப்பும், அவ்வளவுதான். விரிசலைவிட உப்பல் மேல்.

அதனால் மழை மாதங்களில் அறுப்பதையும் அச்சு செய்வதையும் வைத்துக்கொள்கிறேன். பிரேஸ் ஒட்டுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, முள் 40-க்கும் 45-க்கும் நடுவில் நிற்கும்போது. மழையிலேயே முடித்தாக வேண்டுமென்றால், பலகையையும் கட்டைகளையும் ஒரு மூடிய அலமாரியில் 40 வாட் குண்டு பல்போடு சில நாள் வைத்து, எடுத்த கையோடு ஒட்டுங்கள்.

கிளாம்ப்புக்குச் செலவு செய்ய வேண்டாம். கன்டோன்மென்ட் பக்கம் பாம்பூ பஜாரில் மூங்கில் வாங்கிச் சிம்புகளாகப் பிளந்துகொள்ளுங்கள். மேஜைக்கு மேலே உறுதியான ஒரு பலகையை அடித்து, அதற்கும் பிரேஸுக்கும் நடுவே சிம்பை வில்லாக வளைத்துச் செருகினால் அழுத்தம் சீராக இறங்கும்.

பசை காய்ந்ததும் பிரேஸைச் சிறு உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் பலகையைக் காதருகே தூக்கி, விரல் மூட்டால் தட்டுங்கள். ‘டக்’கென்று அடைத்த சத்தம் ‘டும்ம்’ என்று நீளத் தொடங்கினால் உளியைக் கீழே வைத்துவிடலாம்.

பசை

ஃபர்னிச்சருக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பசை பிரிட்ஜுக்கு ஆகாது. லைட் கேஜ் உலோகக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டார் இருந்தால் அந்தப் பசை இளகி, பிரிட்ஜ் மெல்ல நகரும். காய்ச்சி ஊற்றும் வஜ்ஜிரமோ, மஞ்சள் மரப்பசையோ போடுங்கள்.

கம்பி ஏற்றிய பிறகு முதல் ஒரு வருஷம், மாதம் ஒரு தடவை பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இரண்டு ஓரமும் லேசாகத் தூக்கி நின்றால் பலகை நலம். ஓரங்கள் தட்டி நடுவில் வெளிச்சம் தெரிந்தால் காய்ச்சல் அதிகம். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை, துளை போட்ட சோப்பு டப்பாவில் அடைத்து, உறைக்குள் கிட்டாரோடு வைத்து மூடுங்கள்.