உறையில் வந்த பெயர்கள்

குழுச் செயல்பாடு முடிந்ததும் தாளில் யார் பெயரை எழுதுகிறோம்? பெரும்பாலும் குழுத் தலைவர் பெயரையும், முன்னால் வந்து விளக்கியவர் பெயரையும்தான். மற்றவர்கள் 'மற்றும் குழுவினர்' ஆகிவிடுகிறார்கள். என் ஒன்பதாம் வகுப்பில் இந்த வழக்கத்தை மாற்ற உதவியது ஓர் அமெரிக்க இசைத்தொகுப்பு.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களிலிருந்தும் ப்ளூஸிலிருந்தும் வளர்ந்தது சோல் இசை. 1971 மே மாதம் வெளிவந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு, வியட்நாம் போர், நகர்ப்புற வறுமை, சுற்றுச்சூழல் சீர்கேடு ஆகியவற்றைப் பேசியது. கேயின் தம்பி வியட்நாமில் பணியாற்றித் திரும்பியவர். தலைப்புப் பாடலை வெளியிட டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத் தலைவர் பெர்ரி கோர்டி முதலில் மறுத்தார். வெளிவந்தபின் அது பெருவெற்றி பெற்றது.

மோடவுன் பாடல்களுக்கு வாசித்தவர்கள் 'ஃபங்க் பிரதர்ஸ்' எனப்பட்ட ஸ்டுடியோ கலைஞர்கள். நிறுவனம் தொடங்கியது 1959இல். ஆனால் அவர்கள் பெயர்கள் உறையில் அச்சானது இந்தத் தொகுப்பில்தான். பேஸ் கிதார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயருக்கு முன் 'ஒப்பற்ற' என்ற அடைமொழியும் இருந்தது. 1983இல் 47 வயதில் அவர் மறைந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2000இல்தான்.

வகுப்பில் செய்தது இதுதான்:

1. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் தலைப்புப் பாடலை ஒலிக்கவிட்டு, "என்ன கேட்டது?" என்றேன். எல்லோரும் பாடகரின் குரலையே சொன்னார்கள்.

2. மீண்டும் ஒலிக்கவிட்டு, "குரலை விட்டுவிடுங்கள், அடியில் ஓடும் ஒலியை மட்டும் கவனியுங்கள்" என்றேன். பேஸ் கிதார், காங்கோ மேளம், தொடக்கத்தில் வரும் சாக்ஸபோன் என ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார்கள்.

3. உறையில் பெயர் வந்த கதையைச் சொன்னேன்.

4. முந்தைய வாரம் அவர்கள் செய்த சுவரிதழைக் கொடுத்து, யார் எதைச் செய்தார் என எழுதச் சொன்னேன்.

ஒரு மாணவன் எழுதாமல் இருந்தான். கேட்டதற்கு, "கோடு மட்டும்தான் சார் போட்டேன்" என்றான். பக்கத்திலிருந்த மாணவி, "நீ கோடு போடலைன்னா எல்லாம் கோணலா போயிருக்கும்" என்று சொல்லி, அவளே அவன் பெயரை எழுதினாள். அந்தச் சுவரிதழுக்கு வளரறி மதிப்பீட்டில் அவனுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டவன் நான். அன்றே அதைத் திருத்தினேன்.

இப்போது எங்கள் குழுத் தாள்களில் 'பெயர் – செய்த பணி' என்ற கட்டம் கட்டாயம். பேசத் தயங்கும் குழந்தையின் உழைப்பும் மதிப்பெண்ணில் சேர்கிறது. உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள்.