தரையிறங்கும் பாடம்

மேலே ஏறுவது கடினமா, கீழே இறங்குவது கடினமா? நம்மில் பலர் ஏறுவதுதான் கடினம் என்போம். ஆனால் விமானம் ஓட்டப் பழகும் மாணவர்களைக் கேட்டால், தரையிறங்குவதுதான் கடினம் என்பார்கள். அது ஏன் என்று இங்கே காண்போம்.

பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 என்னும் சிறு விமானத்திற்கு மூன்று சக்கரங்கள் உண்டு. நடுப்பகுதியின் இரு பக்கமும் உள்ள இரண்டும் உறுதியானவை. மூக்கின் கீழுள்ள மூன்றாவது அவ்வளவு வலிமை உடையதன்று. மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையை நெருங்கும் விமானி, தரைக்குச் சில அடி உயரத்தில் மூக்கை மெல்ல உயர்த்தி, வேகத்தைக் குறைத்து, உறுதியான இரு சக்கரங்களையே முதலில் தரையில் பதிய வைக்க வேண்டும்.

வேகம் மிகுந்திருந்தால் என்ன ஆகும்? இறக்கைகளில் தூக்கு விசை இன்னும் மிச்சமிருக்கும். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் பந்துபோல் துள்ளி மேலே எழும். பழகாத மாணவர் பயந்துபோய் மூக்கைக் கீழே அழுத்துவார். அப்போது மூக்குச் சக்கரம் முதலில் மோதும். விமானம் முன்னிலும் அதிகமாகத் துள்ளும். இப்படி இரண்டு மூன்று முறை துள்ளினால் மூக்குச் சக்கரம் ஒடிந்து, புரொப்பெல்லர் தரையில் அடிபடும். முதல் துள்ளலைவிட, பதற்றத்தில் செய்யும் இரண்டாவது தவறே பெரிய சேதத்தை உண்டாக்குகிறது.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் வழி எளியது. துள்ளல் பெரிதானால் இறங்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, மீண்டும் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து முறையாக இறங்க வேண்டும். அது தோல்வியன்று, அதுவும் பாடத்தின் ஒரு பகுதியே.

பதறாதவர் பிழைப்பார் என்பதற்குச் சான்றும் உண்டு. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெவர்லி விமான நிலையத்திலிருந்து 17 வயது மாணவி ஒருத்தி சிறு பைப்பர் விமானத்தில் தனியாகப் புறப்பட்டாள். புறப்படும்போதே ஒரு சக்கரம் கழன்று விழுந்துவிட்டது! நம்மைவிட இரண்டே வயது மூத்தவள். பக்கத்து இருக்கையில் துணைக்கு ஆளில்லை. அவள் குரல் நடுங்கியிருக்கலாம். ஆனால் கை தளரவில்லை. பயிற்சி ஆசிரியர் ஒருவர் ரேடியோவில் சொல்லச் சொல்ல, அதன்படியே செய்து இறங்கினாள். விமானம் சறுக்கி ஓடுபாதையை விட்டு விலகி நின்றது. அவளோ காயமின்றி வெளியே வந்தாள்.

தோழியரே, தேர்வுத் தாளில் முதல் கணக்கே தவறிப்போனால் நம் மனமும் இப்படித்தான் துள்ளுகிறது. அந்தப் பதற்றத்திலேயே அடுத்த கணக்கையும் கெடுத்துக்கொள்கிறோம். இனி அப்படி நேர்ந்தால் எழுதுகோலைச் சற்றே கீழே வைப்போம்; ஆசிரியர் சொல்லித்தந்த முறையை நினைவுகூர்வோம்; பிறகு முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்குவோம்.

பத்தாம் வகுப்பு மாணவி