தொண்டை வலி போச்சு... கிருமி போச்சா?

"நாலு நாளா புள்ளைக்குத் தொண்டை வலி, காய்ச்சல். கஷாயம் வெச்சுக் குடுத்தேன், சரியாப் போச்சு!"

தாய்மார்கள் இப்படிச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிறைவு தெரியும். சித்த மருத்துவனான எனக்கும் அதைக் கேட்கச் சந்தோஷம்தான். மிளகு, அதிமதுரம், ஆடாதொடை எல்லாம் நம் வீட்டுச் சொத்து ஆயிற்றே! ஆனால் குழந்தைக்கு வயது 5-லிருந்து 15-க்குள் என்றால், அந்தச் சந்தோஷத்தோடு ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். வலி போனது சரி... கிருமி போனதா?

ஒரு வகைக் கிருமியால் வரும் தொண்டைப்புண், கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும். அதனால் கடைசியாக எதைக் கொடுத்தோமோ, அதற்கே நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கிருமி செய்யும் பெரிய கெடுதல் தொண்டையில் அல்ல. இரண்டு மூன்று வாரம் கழித்து, இதயத்தில்! அந்தக் கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

சரம் சரமாக ஒரு கிருமி

வாயில் நுழையாத பெயர் என்று பயப்பட வேண்டாம். வியன்னாவைச் சேர்ந்த தியோடர் பில்ராத் என்ற அறுவை மருத்துவர் 1874-ல் வைத்த பெயர் இது. கிரேக்க மொழியில் 'ஸ்ட்ரெப்டோஸ்' என்றால் முறுக்கிய சரம், 'காக்கஸ்' என்றால் மணி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தொடுத்த மல்லிகை மொட்டுகள் மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள் வரிசையாகக் கோத்து நிற்கும். கிராம் சாயம் ஏற்றினால் ஊதா நிறமாகத் தெரியும்.

இதற்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று ஒரு பங்காளி உண்டு. அது சரமாக நிற்காது, திராட்சைக் கொத்து போல் குவிந்திருக்கும். இரண்டையும் பிரிக்க லேபில் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் ஸ்டெஃபிலோகாக்கஸ் பொங்கி நுரைக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சும்மா இருக்கும்.

ரத்தத் தட்டில் தெரியும் குணம்

டாக்டர் பஞ்சுக் குச்சியால் தொண்டையின் உட்புறத்தையும் டான்சிலையும் தொட்டு எடுக்கிறாரே, அந்தப் பஞ்சை ஆட்டு ரத்தம் கலந்த ஒரு தட்டில் தேய்த்து, உடல் சூட்டில் ஒரு நாள் வைப்பார்கள். சில வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தன்னைச் சுற்றியுள்ள ரத்தத்தை அடியோடு கரைத்துக் கண்ணாடி போல் ஆக்கிவிடும். இது 'பீட்டா' வகை. சில பச்சை நிறமாக்கி விட்டுவிடும், அது 'ஆல்ஃபா'. எதுவுமே செய்யாதது 'காமா'.

1933-ல் அமெரிக்காவின் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற பெண் விஞ்ஞானி, பீட்டா வகையை ஏ, பி, சி... என்று பிரிவு பிரிவாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் உலகெங்கும் அந்தப் பிரிவுதான் வழக்கத்தில் இருக்கிறது.

யார் யார், என்ன செய்வார்கள்?

ஏ பிரிவு: நம் கதையின் வில்லன். டான்சில் வீக்கம், சீழ்வடியும் சிரங்கு, கால் சிவந்து வீங்கும் செல்லுலைட்டிஸ், பிரசவத்துக்குப் பின் வரும் ஜன்னி, இவற்றோடு ருமாட்டிக் காய்ச்சல், சிறுநீரக அழற்சி.

பி பிரிவு: பிரசவத்தின்போது தாயிடமிருந்து பச்சைக் குழந்தைக்குத் தொற்றி, ரத்தத்திலும் மூளை உறையிலும் நோய் உண்டாக்கும்.

நிமோகாக்கஸ்: ஆல்ஃபா வகை. நிமோனியா, காதில் சீழ், மூளை உறைக் காய்ச்சல் இவற்றுக்குக் காரணம். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தமிழக அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் 2021-ல் சேர்ந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என 3 தவணை. ஏ பிரிவுக்குத்தான் இன்னும் தடுப்பூசி இல்லை.

விரிடன்ஸ்: நம் வாயிலேயே குடியிருப்பது. பல் சொத்தைக்கு ஒரு காரணம். இதய வால்வு ஏற்கெனவே பழுதானவர்களுக்கு, பல் பிடுங்கும்போது ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு.

நம்ம வேலூர்ப் பக்கத்து சங்கதி

இந்தக் கிருமியைத் தேடிப் பிடிப்பதில் வேலூருக்கு ஒரு தனி இடம் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையின் நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் ரூத் மையர்ஸ், டாக்டர் கிரேஸ் கோஷி இருவரும் பணியாற்றினார்கள். லேப் சோதனைகளுக்கென்று அங்கே உருவான கையேடு இவர்கள் பெயராலேயே வழங்குகிறது. தென்னிந்தியக் குழந்தைகளின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைப் பற்றி 1970-களிலேயே கோஷி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். வேலூர் வட்டாரத்தில் 7 முதல் 11 வயதுள்ள 307 பள்ளிக் குழந்தைகளை 2 ஆண்டு தொடர்ந்து கவனித்து, தொண்டையில் ஏ, சி, ஜி பிரிவுக் கிருமிகளைத் தேடிய ஆய்வு 2018-ல் வெளியானது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "டேனரியிலே பச்சைத் தோல் கையாளுறோமே, அதிலிருந்து இந்தக் கிருமி வருமா?" வராது. விலங்குத் தோலிலிருந்து வரக்கூடியதாகப் பேர்பெற்ற நோய் ஆந்த்ராக்ஸ், அது வேறு கிருமி. தொண்டை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மனிதனிடமிருந்து மனிதனுக்கு, இருமல், தும்மல், எச்சில் வழியாகப் பரவுவது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டிலும், நெருக்கமான வகுப்பறையிலும் அதற்குக் கொண்டாட்டம்.

ஆனால் தொழிலுக்கு வேறு வழியில் சம்பந்தம் உண்டு. சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஈரத்திலும் நாள் முழுக்க நிற்பவர்களின் கைகால் தோல் வெடிக்கும். அந்த வெடிப்புதான் கிருமிக்கு வாசல். கையுறை, பூட்ஸ் கட்டாயம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவுங்கள். கால் திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வீங்கினால் பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. யானைக்கால் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

தொண்டையிலிருந்து இதயத்துக்கு

ஏ பிரிவுக் கிருமியின் மேல்தோலில் உள்ள சில புரதங்கள் நம் இதயத் திசுவைப் போலவே இருக்கும். கிருமியை எதிர்க்கத் தயாரான நம் உடலின் படை, ஆள் மாறாட்டத்தில் நம் இதய வால்வையே அடிக்கிறது! வீட்டுக் காவலாளி வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிப்பது போல.

அறிகுறிகள் இவை. முழங்கால் வீங்கும். அது குறைந்ததும் கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி ஊர் சுற்றும். "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று வாத எண்ணெய் தேய்த்து விட்டுவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்குக் கைகால் தானாகத் துள்ளும், கையெழுத்து கோணலாகும். உடனே மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். இரண்டுமே இதயத்தைப் பரிசோதிக்க வேண்டிய அறிகுறிகள்.

மூட்டு வலி சுவடே இல்லாமல் போய்விடும். வால்வு பழுது போகாது. பல வருஷம் சத்தமில்லாமல் இருந்து, அந்தப் பெண் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் வயதில் மாடி ஏறினால் மூச்சிரைக்கும். சிலருக்கு முதல் கர்ப்பத்தில்தான் தெரியவரும். அப்போது தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறது, குரல் கம்மியிருக்கிறது என்றால் பெரும்பாலும் வைரஸ். கஷாயமும் உப்புநீர்க் கொப்பளிப்பும் போதும். ஆன்டிபயாடிக் வேண்டாம்.

இருமலே இல்லை, காய்ச்சல் திடீரென்று ஏறுகிறது, விழுங்க முடியவில்லை, டான்சிலில் வெள்ளைப் படலம், தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறது என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். தொண்டைப் பஞ்சுச் சோதனைதான் உறுதி சொல்லும்.

பிள்ளைக்குத் தொண்டைப்புண்ணோ சிரங்கோ வந்து சில வாரங்களில் முகம் ஊதி, சிறுநீர் கறுப்பு டீ போல் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

மருந்து தொண்டைக்கா, இதயத்துக்கா?

இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். டாக்டர் தரும் பெனிசிலின் முக்கியமாக இதயத்தைக் காப்பதற்கு. நோய் தொடங்கி 9 நாளுக்குள் ஆரம்பித்தால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். ஆகவே கலங்க வேண்டாம், அதே நேரம் தள்ளியும் போட வேண்டாம். மாத்திரை என்றால் 10 நாள் முழுசாக. மூன்றாம் நாளே வலி போய்விடும், அதோடு நிறுத்தக் கூடாது. 10 நாள் விழுங்க மாட்டான் என்றால் பென்சதீன் பெனிசிலின் ஊசி ஒன்றே போதும். ஒவ்வாமை உண்டா என்று டாக்டர் பார்த்துவிட்டுப் போடுவார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஏ பிரிவுக் கிருமி பெனிசிலினுக்கு அடங்கியே இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வேறு மாத்திரை 3 நாளுக்கு வாங்காதீர்கள்.

இன்னொன்று. 'ஏ.எஸ்.ஓ. அதிகம்' என்ற லேப் சீட்டை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். கிருமி சமீபத்தில் வந்துபோனது என்பதற்கே அது சாட்சி. வேறு அறிகுறி இல்லாதபோது அந்த எண்ணுக்காக மாதக்கணக்கில் ஊசி தேவையில்லை.

ஆனால் ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியாகிவிட்டால், 21 நாளைக்கு ஒரு முறை ஊசி. குறைந்தது 5 ஆண்டுகள், வால்வு பழுதானால் இன்னும் நீண்ட காலம். "நல்லாத்தானே இருக்கான்" என்று பாதியில் விடுவதால்தான் அடுத்த தாக்குதல் வந்து வால்வு மேலும் கெடுகிறது. பல் வைத்தியரிடம் போகும்போது வால்வு விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.

"சித்த வைத்தியரே பெனிசிலின் போடச் சொல்றீங்களே?" என்று கேட்பீர்கள். ஆமாம். வலிக்கும் தொண்டைக்கு இதமாக என் கஷாயத்தைத் தாராளமாகக் கொடுங்கள். அது அந்த ஊசிக்குத் துணையாக இருக்கட்டும், பதிலாக வேண்டாம். காலண்டரில் அந்த 10 நாளையும், 21-ஆம் நாளையும் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள்.